அறுபத்தோராம் பக்கம்

பாவசங்கீர்த்தன வரிசையில் முன்னால் இன்னும் ஏழு பேர் இருந்தார்கள். ரெஜினா டீச்சரோடு சேர்த்து ஏழு. ஆளுக்கு ஐந்து நிமிஷம் என்று வைத்தால் முப்பத்தைந்து நிமிஷம், ஆனால் நாளைக்குக் குருத்தோலை ஞாயிறு, ஒன்றிரண்டு பேராவது ஒரு வருஷத்துப் பாவத்தை மொத்தமாக மூட்டை கட்டிக்கொண்டு வந்திருப்பார்கள், அப்படியானால் முக்கால் மணி நேரம். வியாகப்பன் சாருக்கு முழங்கால் வலித்தது. பெஞ்சில் உட்காரலாம், எழுபத்தொரு வயசு ஆளைப் பார்த்து இரண்டு பேர் எழுந்து இடம்கூடக் கொடுத்தார்கள், மனுஷன் வீம்புக்கு நின்றுகொண்டிருந்தார். நிற்கிறதாவது ஒரு தண்டனையாக இருக்கட்டுமே என்று நினைப்பு. அப்புறம் அந்த நினைப்பே அவருக்கு அசிங்கமாகப் பட்டது. முழங்கால் வலியைக் கொடுத்துச் சரிக்கட்டுகிற விஷயமா அது? பாளையங்கோட்டை வெயில் ஐந்து மணிக்கும் இறங்காமல் கோயில் ஜன்னல் வழியாகக் கழுத்தில் அடித்தது. மரக்கூண்டுக்குள் தனிஸ்லாஸ் சாமியார் இருமுவது கேட்டது. நல்ல சாமியார், சின்ன வயசு, யார் வீட்டில் சாவு விழுந்தாலும் முதல் ஆளாகப் போய் நிற்பவர், போகும்போது மறக்காமல் வியாகப்பன் தமிழாக்கின அந்தப் புத்தகத்தை எடுத்துக்கொண்டு போவார், அறுபத்தோராம் பக்கத்தில் அடையாளத்துக்கு ஒரு நூல்கயிறு வைத்திருப்பார். அதை நினைத்ததும் வியாகப்பனுக்குக் காது மடல் சுட்டது. வழக்கமாகச் சொல்லும் பாவங்களை மனசுக்குள் ஒரு தடவை ஓட்டிப் பார்த்தார். கோபப்பட்டேன், ஜெபமாலை சொல்லும்போது தூங்கினேன், மருமகளைப் பற்றித் தங்கச்சியிடம் புறணி பேசினேன், வீண் பெருமை கொண்டேன். வீண் பெருமை என்று சொல்லும்போது குரல் தானாக இறங்கும், அதற்குப் பின்னால் ஒரு வாக்கியம் தொண்டை வரைக்கும் வரும், வந்து நிற்கும், நின்று யோசிக்கும், பிறகு ‘இவ்வளவுதான் சாமி’ என்று வேறொரு வாக்கியம் அதைத் தள்ளிவிட்டு வெளியே வந்துவிடும். பதினாலு தவக்காலமாக இதுதான் நடக்கிறது. மூன்று பங்குச்சாமியார்கள் மாறிப் போனார்கள், ‘இவ்வளவுதான்’ மட்டும் மாறவில்லை. வெட்கங்கெட்ட ஜென்மம் என்று தன்னைத் தானே வைதுகொண்டார். வைதுகொள்வதும் எளிதாகத்தான் இருந்தது.

வரிசை ஒரு ஆள் நகர்ந்தது. எல்லாம் ஒரு தாளால் வந்த வினை. அறுநூறு வருஷத்துக்கு முன்னால், எங்கோ பனி கொட்டுகிற ஊரில், ஒரு கோயில் சுவரை ஒட்டிக் கட்டின சின்ன அறைக்குள் தன்னைத் தானே பூட்டிக்கொண்டு, ஊர்க்காரர்களின் சட்டைகளைத் தைத்துக் கொடுத்தபடி ஆயுசைக் கழித்த ஒரு பெண்பிள்ளை, ஒதீலியம்மாள். ‘ஆள் இல்லாத வீட்டுக்குத்தான் அவர் வருவார், நீ உள்ளே உட்கார்ந்துகொண்டு ஏன் கதவைத் திறந்து வைக்கிறாய்’ என்று கேட்டவள். கல்லூரி நூலகத்தில் அவளுடைய மொழிகளின் பழைய ஆங்கிலப் பிரதி ஒன்று கிடந்தது. ஆங்கிலம் சொல்லிக் கொடுத்துக்கொண்டிருந்த வியாகப்பன் இரண்டு வருஷம் ராத்திரி பகல் பாராமல் உட்கார்ந்து அதைத் தமிழாக்கினார். தவக்காலத்துக்கு முன்னால் புத்தகம் வெளிவர வேண்டும் என்று மறைமாவட்ட அச்சகம் நெருக்கிக்கொண்டிருந்த நேரத்தில்தான், ஒரு தாளையே காணோம் என்று கண்டுபிடித்தார். கிழித்திருந்தார்கள், எந்தப் புண்ணியவானோ. முந்தின பக்கத்தில் ஒதீலியம்மாள் ஆண்டவரிடம் எதையோ கேட்க ஆரம்பிக்கிறாள். அடுத்த பக்கம் ‘ஆகையால் இனி நான் கேட்கமாட்டேன்’ என்று தொடங்குகிறது. நடுவில் என்ன ஆயிற்று? நான்கு நூலகங்களுக்குக் கடிதம் போட்டார், பதில் இல்லை. அந்த வாரத்தில்தான் கோமு இறந்துபோனாள். கோமு, ஆறுமுகநயினாரின் மனைவி. நயினார் மின்வாரியத்தில் லைன்மேனாகச் சேர்ந்து லைன் இன்ஸ்பெக்டராக ஓய்வு பெற்றவர், நெற்றி நிறையத் திருநீறு, முப்பது வருஷமாகச் சாயங்காலம் ஆனால் வியாகப்பனோடு மைதானத்தைச் சுற்றி நடக்கிறவர். எட்டு மாசம் அந்தம்மாள் படுத்த படுக்கையாகக் கிடந்தாள், நயினார் போகாத சன்னதி இல்லை. துஷ்டி விசாரிக்கப் போனபோது நயினார் உள் அறையில் தனியாக உட்கார்ந்து அவள் சேலைகளை மடித்துக்கொண்டிருந்தார். ஏற்கெனவே மடித்திருந்ததை உதறி மறுபடி மடித்தார். வியாகப்பன் பக்கத்தில் போய் உட்கார்ந்தார். சேலையைப் பார்த்தபடியே நயினார் சொன்னார்: “கேட்டுக் கேட்டுப் பாத்தேன் வே. குடுக்கல. கேக்க வாயும் ஓஞ்சு போச்சு. ஓஞ்ச பொறவு பாத்தா அவன் எங்கயும் போவல, இந்தா பக்கத்துலதான் இருக்கான். அவங்கிட்டயும் குடுக்கதுக்கு ஒண்ணும் இல்ல போல. ரெண்டு பேரும் வெறுங்கையோட உக்காந்திருக்கோம்.” அவ்வளவுதான். சொல்லிவிட்டு அடுத்த சேலையை எடுத்தார். வியாகப்பனுக்கு உடம்பு சிலிர்த்தது. சிலிர்த்ததோடு நின்றிருந்தால் மனுஷன். எழவு வீட்டிலிருந்து திரும்பியவர் குளிக்கக்கூட இல்லை, ஈரம் காயாத துக்கத்தோடு மேஜையில் உட்கார்ந்து, அந்தப் பேச்சை ஏட்டுத் தமிழில் எழுதி, அவனை அவராக்கி, காணாமல் போன தாளின் இடத்தில் செருகினார். அறுபத்தோராம் பக்கம்.

ஏன் செய்தார்? அடிக்குறிப்பு ஒன்று போட்டிருக்கலாமே, இந்தப் பத்தி என் நண்பர் சொன்னது என்று. சைவப் பிள்ளைமார், அதுவும் கரண்டு ஆபீஸ்காரர் சொன்னதை ஒதீலியம்மாளின் புத்தகத்தில் போட மேலிடத்தில் அனுமதிப்பார்களா என்று அன்றைக்கு ஒரு சாக்கு. தற்காலிகமாகத்தான், மூலப்பக்கம் கிடைத்ததும் அடுத்த பதிப்பில் மாற்றிவிடலாம் என்று இன்னொரு சாக்கு. சாக்குக்கா பஞ்சம். உண்மையான காரணம் அதற்குக் கீழே கிடந்தது, அதைத் தொடும்போதெல்லாம் வியாகப்பன் கையை எடுத்துக்கொள்வார், இன்றைக்கு வரிசையில் நின்றபடி கொஞ்சம் அழுத்தித் தொட்டுப் பார்த்தார். பொறாமை. வேறென்ன? பிறந்ததிலிருந்து பூசை காண்கிறவர், ஞானிகளையெல்லாம் கரைத்துக் குடித்தவர், இத்தனை வருஷத்தில் அவருக்குச் சொந்தமாக அப்படி ஒரு வாக்கியம் வந்ததில்லை. சேலை மடிக்கிறவனுக்கு வந்துவிட்டது. அந்த வார்த்தை நயினாரிடம் இருந்தால் நயினாருடையது. ஒதீலியம்மாளிடம் கொடுத்துவிட்டால் பாதியாவது மொழிபெயர்த்தவனுடையது. அப்படித்தான் ஆயிற்று. ‘என்ன தமிழ் சார், என்ன தமிழ், அதுவும் அந்த அறுபத்தோராம் பக்கம்’ என்று கையைப் பிடித்துக் குலுக்கினார்கள், இவர் தலையைக் குனிந்துகொண்டு ‘எல்லாம் அம்மாளின் அருள்’ என்றார். ஐயோ, அதை வாய் கூசாமல் சொன்னாரே. அந்த முகபாவத்தை இப்போது நினைத்தாலும் யாராவது அறைந்தால் தேவலை என்று இருந்தது. மூலப்பக்கமும் கிடைக்காமல் போகவில்லை. ஆறு வருஷத்துக்கு முன்னால் பெங்களூரிலிருந்து ஒரு கன்னியாஸ்திரி நகல் எடுத்து அனுப்பினாள். பிரித்துப் பார்த்தால், ஒதீலியம்மாள் அதில் ஒரு சேவலைப் பற்றிப் புலம்பியிருந்தாள். பக்கத்து வீட்டுச் சேவல் நேரங்கெட்ட நேரத்தில் கூவித் தியானத்தைக் கெடுக்கிறது, அதன் வாயை அடைக்கும்படி ஆண்டவரை ஒன்பது நாள் கேட்டேன், அவர் அடைக்கவில்லை, ஆகையால் இனி நான் கேட்கமாட்டேன். வியாகப்பன் சிரித்தார், சிரித்துக்கொண்டே இருந்தவருக்கு அழுகை வந்துவிட்டது. அந்தத் தாள் பீரோவில் சட்டைகளுக்கு அடியில் போனது. அதற்குப் பிறகு இரண்டு பதிப்பு வந்தாயிற்று.

“சார்,” என்று ரெஜினா டீச்சர் திரும்பிக் கிசுகிசுத்தார். அவருக்கு முன்னால் இப்போது இரண்டே பேர். “தப்பா நினைக்காதீங்க, கோயில்ல பேசக் கூடாது. வீட்டுக்காரர் கல்லறையில எழுத்து அழிஞ்சு போச்சு, ஈஸ்டருக்குள்ள புதுசா வெட்டச் சொல்லியிருக்கேன். ‘அவரும் வெறுங்கையோடு என் பக்கத்தில் அமர்ந்திருக்கிறார்’, அதுல ‘அமர்ந்திருக்கிறார்’தானே? ‘இருக்கிறார்’னு வெட்டிட்டாங்கன்னா ஒதீலியம்மா வார்த்தைய மாத்தின பாவம் நமக்கு வேண்டாம் பாருங்க.”

“அமர்ந்திருக்கிறார்தான்,” என்றார் வியாகப்பன்.

“அந்தம்மா வார்த்தை மட்டும் இல்லன்னா, எங்க வீட்டுக்காரர் போன அன்னைக்கே நானும் போய்ச் சேர்ந்திருப்பேன் சார்,” என்று சொல்லிவிட்டு டீச்சர் முக்காட்டை இழுத்துக்கொண்டு முன்னால் திரும்பினார்.

இந்த டீச்சருக்கு அந்த வார்த்தை ஆறுதல் கொடுத்தது பொய்யா? பொய் இல்லையே. யார் சொன்னால் என்ன, மருந்து வேலை செய்ததா இல்லையா? இப்படித்தான் ஒவ்வொரு தடவையும் மனசு ஒரு சுற்றுச் சுற்றிக்கொண்டு வந்து தன்னையே நியாயப்படுத்தும். அதற்கு ஞானிகளையே துணைக்குக் கூப்பிடும், அதுதான் கேவலத்திலும் கேவலம். நான் என்று ஒருவன் இல்லை என்கிறாள் ஒதீலியம்மாள், நான் செத்தால்தான் அவன் தெரிவான் என்கிறார்கள் நம் சித்தர்கள், துளி கடலில் விழுந்த பிறகு துளி எங்கே என்று கேட்கிறார்கள் சூஃபிகள். அப்படியிருக்க வார்த்தைக்கு மட்டும் சொந்தக்காரன் ஏது, நயினார் ஏது, திருட்டு ஏது? ஆகா, பிரமாதம். ஆனால் புத்தக அட்டையில் ‘தமிழில்: பேராசிரியர் ம. வியாகப்பன்’ என்பது ஒரு எழுத்துக்கூடக் குறையாமல் இருக்கிறது, அந்த ‘நான்’ மட்டும் எந்தக் கடலிலும் விழவில்லை. மதுரையிலிருந்து ஒரு பேராசிரியர் வந்து கல்லூரிக் கருத்தரங்கில் ஒரு மணி நேரம் பேசினார், ஐரோப்பாவின் அந்தத் துறவிக்கும் நம்முடைய சைவ மனத்துக்கும் உள்ள உறவுக்கு அறுபத்தோராம் பக்கமே சாட்சி, அவளுடைய வேறெந்தப் பக்கத்திலும் கடவுள் இத்தனை ஏழையாக இல்லை என்று. மேலப்பாளையத்திலிருந்து வந்திருந்த மௌலவி ஒருவர் எழுந்து எங்கள் பெரியவர்கள் பேச்சுப் போலவே இருக்கிறதே என்று கண்ணைத் துடைத்தார். மேடையில் வியாகப்பன் முகத்தில் ஈயாடவில்லை. உறவு உண்மைதான், அதில்தான் வலி. ஒதீலியம்மாளும் நயினாரும் சேர்ந்து உட்கார்ந்திருந்தால் ஒருவர் பேச்சை ஒருவர் முடித்து வைத்திருப்பார்கள். இரண்டு பேரையும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார வைத்திருந்தால் அது உறவு. இவர் ஒருத்தரை இன்னொருத்தருக்குள் போட்டுப் புதைத்துவிட்டார், ஜனங்கள் அந்த இடத்தில் நின்றுகொண்டு உறவு உறவு என்கிறார்கள்.

அந்தக் கருத்தரங்கைக்கூடத் தாங்கிக்கொள்ளலாம். தாங்க முடியாதது வேறு. புத்தகம் வந்த புதிதில் நயினாருக்கு ஒரு பிரதி கொடுத்தார், கொடுக்காமல் இருந்தால் சந்தேகம் வருமே என்று. ஒரு வாரம் பயந்துகொண்டே கிடந்தார். எட்டாம் நாள் நயினார் வந்தார், கண்ணெல்லாம் சிவந்து. தொலைந்தோம் என்று வியாகப்பன் நினைத்தார். “இந்தம்மா எந்த ஊரு வே?” என்றார் நயினார். “நம்ம நெஞ்சுல கெடந்தத அப்படியே எடுத்து வச்சிருக்காளே. கோமு போன அன்னைக்கு எனக்கு உள்ள இதான் வே இருந்துச்சு, சொல்லத்தான் தெரியல.” அப்போதே சொல்லியிருக்க வேண்டும். சொன்னீரே நயினார், நீர்தானே சொன்னீர் என்று ஒரு வரி. ஒரே ஒரு வரி. வியாகப்பன் “காப்பி சாப்பிடுதீரா?” என்று கேட்டார். நயினார் புத்தக அட்டையில் இருந்த ஒதீலியம்மாள் கோட்டோவியத்தைக் கத்தரித்து, சட்டம் போட்டு, பூசை அறையில் முருகனுக்கும் காந்திமதியம்மனுக்கும் நடுவில் மாட்டினார். பதினாலு வருஷமாக விளக்கேற்றும்போது அவளுக்கும் ஒரு பூ. தன் வாயிலிருந்து வந்ததற்குத் தானே பூப்போட்டுக் கும்பிட்டுக்கொண்டிருக்கிறார் மனுஷர், அதைத் திருடினவன் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து பிரசாதம் வாங்கித் தின்கிறான். இப்போது நயினார் ஆஸ்பத்திரியில் கிடக்கிறார். திங்கட்கிழமை காலை இருதயத்தில் ஆபரேஷன், எழுபத்துநாலு வயசு, சர்க்கரை வேறு, பாதிக்குப் பாதிதான் என்று டாக்டர் சொன்னதாக மகன் குத்தாலிங்கம் நேற்று வராந்தாவில் வைத்துச் சொன்னான். உள்ளே போனால் நயினார் சிரிக்கிறார். “வே, திங்கக்கெழம உள்ள கொண்டு போறதுக்கு முன்னால அந்தம்மா வார்த்தய ஒரு தடவ வாசிச்சுக் காட்டும். அது போதும் எனக்கு.” சரி என்று தலையாட்டிவிட்டு வந்தவருக்கு ராத்திரி முழுக்கப் பொட்டுத் தூக்கமில்லை. சாகக் கிடக்கிறவனிடம் அவன் வார்த்தையையே எடுத்து, இந்தா, இது வேறொருத்தி போட்ட பிச்சை என்று வாசித்துக் காட்ட வேண்டும். அப்படி வாசித்து, நயினார் அதைக் கேட்டுக்கொண்டே உள்ளே போய், திரும்பி வராமல் போய்விட்டால்? பிறகு யாரிடம் சொல்வது?

சரி, அதற்காகத்தானே இந்த வரிசை. கூண்டுக்குள் போய்ச் சொல்லிவிடலாம். சொல்லி மன்னிப்பு வாங்கிக்கொண்டு, திங்கட்கிழமை சுத்தமான மனசோடு வாசிக்கலாம். வாசிக்கலாமா? வியாகப்பன் அந்த இடத்தில் தடுக்கி நின்றார். ரெஜினா டீச்சர் கூண்டருகே போய் முழங்காலிட்டார், அடுத்தது இவர்தான். சாமியாருக்குச் சொன்னால் சாமியார் யாரிடமும் சொல்ல முடியாது. கடவுளுக்கோ பதினாலு வருஷமாகவே தெரியும். தெரிந்தவரிடம் சொல்வதும் சொல்ல முடியாதவரிடம் சொல்வதும் எந்த ஊர் நியாயம்? தெரிய வேண்டிய ஒரே ஆள் ஆஸ்பத்திரிக் கட்டிலில் அல்லவா கிடக்கிறான். கடவுளை எதிர்கொள்ளக்கூட இவருக்குப் பயமில்லை, நயினார் முகத்தைத்தான் பார்க்கப் பயம். அந்த நினைப்பு வந்ததும் உடம்பெல்லாம் கூசியது. எழுபத்தொரு வயசில், இத்தனை ஞானம் படித்த பிறகு, மன்னிப்பைக்கூடக் குறுக்கு வழியில் வாங்க வந்து நிற்கிறோமே என்று அங்கேயே உட்கார்ந்து அழ வேண்டும் போல இருந்தது. பின்னால் நின்றவர் “சார், நகருங்க” என்றார். “நீங்க போங்க,” என்று வியாகப்பன் வழிவிட்டு, விறுவிறுவென்று பக்கவாசல் வழியாக வெளியே போனார். செல்போனை எடுத்துக் குத்தாலிங்கத்தைக் கூப்பிட்டார். நேரே போகத் தைரியமில்லை, போனில்தான் முடிந்தது, அதுவும் ஒரு வெட்கம்தான்.

குத்தாலிங்கம் எடுத்து அப்பாவிடம் கொடுத்தான். “என்ன வே,” என்ற குரல் மெலிந்திருந்தது.

வியாகப்பன் மூச்சு விடாமல் சொன்னார். காணாமல் போன தாள், சேலை, மேஜை, சேவல், எல்லாம். “அறுபத்தோராம் பக்கம் உம்ம பேச்சு நயினார். அந்தம்மா பேச்சு இல்ல. நான்தான் திருடினேன். பதினாலு வருஷம் உம்ம முகத்தப் பாத்துக்கிட்டே மறைச்சேன்.”

அந்தப் பக்கம் குழாய் வழியாக மூச்சு இழுக்கிற சத்தம் கேட்டது. வையட்டும், வைதால் நல்லது என்று வியாகப்பன் கண்ணை மூடிக்கொண்டார்.

“நீரு நல்லா இருப்பீரு வே,” என்றார் நயினார். அவர் அழுகிறார் என்று தெரிந்தது. “பயந்து கெடக்கவனுக்குத் தெம்பு குடுக்கணும்னு, இம்புட்டுப் பெரிய பொய்ய உக்காந்து யோசிச்சீரா? சேவல் வேற.”

“பொய் இல்ல நயினார். சத்தியமாச் சொல்லுதேன். நீரு சேலைய மடிச்சுக்கிட்டே...”

“சேல மடிச்சது ஞாபகம் இருக்கு. நீரு வந்து பக்கத்துல உக்காந்தது ஞாபகம் இருக்கு. அன்னைக்கு நான் வாயே தொறக்கல வே. கரண்டு போஸ்ட்டு ஏறுனவனுக்கு அப்படிப் பேச்சு எங்கேருந்து வரும்? கோட்டி பிடிச்சவரே.” அவர் சிரிக்கப் பார்த்து இருமினார். “நான் செத்துப்போவேன்னு நெனச்சுத்தானே எம்மேல இப்படி அள்ளி வைக்கீரு? உம்ம மனசு யாருக்கு வரும். ஆனா ஒண்ணு, அந்தம்மா பாவம் வே. அவ வார்த்தயத் தூக்கி எனக்குக் குடுக்காதயும். வாயில்லாத சீவன், செத்துப் போனவ, வந்து கேக்கவா போறா? அவகிட்டத் திருடப்பிடாது.”

“நயினார்...”

“திங்கக்கெழம ஆறு மணிக்கெல்லாம் வந்துரும். புஸ்தகத்த மறந்துராதயும்,” என்றார் நயினார். போன் குத்தாலிங்கம் கைக்குப் போனது. “மாமா, அப்பாவுக்கு ரொம்ப சந்தோஷம், என்ன சொன்னீங்க?” என்று அவன் கேட்டான்.

உள்ளே திரும்பி வந்தபோது வரிசை முடிந்திருந்தது. பெஞ்சுகள் காலியாகக் கிடந்தன, ரெஜினா டீச்சர் மட்டும் முன்வரிசையில் தலை குனிந்து தனக்குப் பரிகாரமாகக் கொடுத்த ஜெபங்களைச் சொல்லிக்கொண்டிருந்தார். கூண்டுத் திரையை விலக்கி எழுந்திருக்கப் போன தனிஸ்லாஸ் சாமியார் இவரைப் பார்த்ததும் மறுபடி உட்கார்ந்தார். வியாகப்பன் முழங்காலிட்டார், வலி உயிர் போயிற்று. கிராதிக்கு அந்தப் பக்கம் சாமியாரின் காது தெரிந்தது. வழக்கமாகச் சொல்லுகிற எதுவும் வாயில் வரவில்லை, கோபம், தூக்கம், மருமகள், எல்லாம் எங்கோ போய்விட்டன.

“திருடினேன் சாமி,” என்றார்.

சாமியார் கொஞ்சம் திடுக்கிட்டது தெரிந்தது. “எடுத்ததைத் திருப்பிக் கொடுக்க முடியுமா சார்?” என்று மெல்லக் கேட்டார். “சொந்தக்காரர் இருக்காரா?”

“இருக்காரு சாமி. இப்பத்தான் கொண்டு போய்க் குடுத்தேன்,” என்றார் வியாகப்பன். “அவரு வாங்கிக்க மாட்டேன்னுட்டாரு.”